பதிவேட்டில் ஏறிய மாங்காய் மீன்

போன ஆடி மாதம் மௌ என்னைத் தேடிக்கொண்டு கல்கத்தா லேக் மார்க்கெட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். இருபத்தேழு வருஷம் நான் உத்தியோகம் பார்த்த அருங்காட்சியகத்துக்கு இப்போது அவள்தான் அதிகாரி. அனுபவம் கேட்டு யாராவது வரமாட்டார்களா என்று ரிட்டயர் ஆன நாளிலிருந்து நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்? வந்தவளை உட்காரவைத்து, காபி கலந்து கொடுத்து, ஆதியோடந்தமாக ஆரம்பித்தேன். அவள் பாவம், போனில் ஏதோ ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் மூச்சு விடும் இடைவெளிக்காகக் காத்திருந்தாள்.

ஒருவழியாக மூச்சு விட்டேன். போனை நீட்டினாள்.

"பிஜயா-தீ, மியூசியத்துல இருக்கற எல்லாப் பொருளையும் போட்டோ எடுத்து இன்டர்நெட்ல ஏத்தறோம். முதல் பக்கத்துல இந்த மணைதான் வரப்போகுது. பதிவேட்டுல இதை ஏத்தினது நீங்கதான். ரெண்டு பத்தி எழுதிக் கொடுங்களேன்."

விஜயா என்ற என் பெயரை பெங்காலிகள் வாயில் போட்டால் பிஜயா என்றுதான் வெளியே வரும். தீதி என்றால் அக்கா, சுருக்கினால் தீ. பேசியதெல்லாம் பெங்காலியில்தான், இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

படத்தில் பலாக்கட்டையில் செய்த ஒரு கல்யாண மணை. நடுவில் அரிசி மாவால் போட்ட தாமரை, சுற்றிலும் கொடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீன். அந்த மீன்களைப் பார்த்ததும் காபி எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"என்ன பிஜயா-தீ, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லை. காபி சூடு" என்றேன். அந்த மணை விஷயமாக நான் சொன்ன கடைசிப் பொய் அது. முதல் பொய்க்குப் போகவேண்டுமானால் முப்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

நான் பிறந்தது, படித்தது எல்லாம் கல்கத்தாவில்தான். தாத்தா ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தவர். சென்னையை நான் நான்கு கல்யாணங்களுக்கும் ஒரு பல் வைத்தியத்துக்கும்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அருங்காட்சியக இலாகாவின் அலிப்பூர் ஆபீஸுக்கு இன்டர்வியூவுக்குப் போனபோது, "மெட்ராஸ்காரப் பொண்ணுக்கு நம்ம கிராமத்துக் கலையைப் பத்தி என்ன தெரியும்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! பன்னிரண்டு மாதப் பண்டிகைகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். எந்தப் பண்டிகைக்கு எந்த ஆல்பனா என்பது வரைக்கும் சொன்னேன். ஆல்பனா என்பது பெங்காலிக் கோலம். அரைத்த அரிசி மாவைக் கரைத்து, துணியை நனைத்து, விரலால் இழுப்பது. நம் வீட்டு இழைக்கோலம் மாதிரியேதான். பெங்காலிகளைவிட எனக்கு பெங்காலி சமாசாரம் அதிகம் தெரியும் என்ற நினைப்பு அன்றைக்கே என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வேலை கிடைத்தது அதனால் அல்ல. தேர்வுக் குழுவில் ஓரமாக ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் அளவு மண் பொம்மை ஒன்றை என் பக்கம் தள்ளி, மெல்லிய தூரிகையும் மசியும் கொடுத்து, "இதன் அடியில ஆறு இலக்கம் எழுது" என்றார். வருஷக்கணக்காகக் கோலம் போட்ட கை. நடுங்காமல் எழுதிக் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இவளுக்கு என்ன தெரியும்னு அப்புறம் பார்த்துக்கலாம். கை நல்லா இருக்கு" என்றார். அவர்தான் ரேபா-தீ, என் மேலதிகாரி. என்னைக் கையாக மட்டும் வேலைக்கு எடுத்தார். கையாக மட்டும் இருந்திருந்தால் நானும் பிழைத்திருப்பேன்.

அருங்காட்சியகம் ஜாதவ்பூர் தாண்டி லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வருகிற சின்ன ஊரில், ஒரு பழைய ஜமீன் கச்சேரி வீட்டில் இருந்தது. எட்டு அறைகள். மீன் பிடிக்கும் மூங்கில் கூடுகள், நெல் குத்தும் கால் உலக்கை, அம்மி, படகு பொம்மைகள், பாம்பு தேவதையின் மண் குடங்கள், பழைய புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைகள். மழைக்காலத்தில் எங்களைப் பார்க்க வருகிறவர்களைவிட மழைக்கு ஒதுங்குகிறவர்கள் அதிகம். ஒதுங்கியவர்களையும் விடாமல் நான் எட்டு அறையையும் சுற்றிக் காட்டுவேன். நனைந்தாலும் பரவாயில்லை என்று ஓடியவர்கள் உண்டு.

ரேபா-தீ ஒரு பொருளைத் தொடும் அழகைச் சொல்லவேண்டும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். பிறகு கையைக் கழுவி, துடைத்து, விசிறியடியில் நின்று நன்றாக உலரவிடுவார். மேஜையில் வெள்ளைத் துணி விரிப்பார். பொருளை இரண்டு கையாலும், அடியில் தாங்கித்தான் எடுப்பார். காதையோ கைப்பிடியையோ பிடித்து எடுத்தால் அன்றைக்கு முழுவதும் நம்மோடு பேசமாட்டார். தூசியை உலர்ந்த தூரிகையால், தன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, கோழிக்குஞ்சைத் தடவுவதுபோலத் தட்டுவார். நான் சேர்ந்த அன்று சொன்ன முதல் வார்த்தையே, "ஜோல் நா." தண்ணீர் கூடாது. என்ன அழுக்கானாலும் தண்ணீர் கூடாது. அழுக்கும் பொருளின் வயசுதான் என்பார்.

அதற்கப்புறம்தான் பதிவேடு. அவர் நாடாவால் அளந்து சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். நீளம், அகலம், என்ன பொருளால் ஆனது, எந்த ஊர், கொடுத்தவர் யார், செய்தவர் யார், நிலைமை எப்படி. 'செய்தவர்' என்ற கட்டத்தில் அநேகமாக எல்லாவற்றுக்கும் 'தெரியவில்லை' என்றுதான் எழுதுவோம். ஊர்ப்பெண்கள் தைத்த போர்வைக்கு யார் பெயர் கேட்டு வைத்திருக்கிறார்கள்? ஆரம்பத்தில் நான் கெட்டிக்காரத்தனமாக 'கிராமத்துப் பெண்கள்' என்று எழுதினேன். ரேபா-தீ பேனாவை வாங்கி அடித்தார். "உனக்குத் தெரியுமா? தெரியாது. அப்போ தெரியலைன்னு எழுது. இந்தப் புஸ்தகத்துல அழகா ஒரு பொய் எழுதினா நூறு வருஷத்துக்கு அதுதான் உண்மை." கடைசியில் பொருளின் மறைவான இடத்தில் ஒரு பூச்சு வார்னிஷ், அதன்மேல் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. எண் ஏறிவிட்டால் அந்தப் பொருள் பிறகு யாருக்கும் சொந்தம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ரேபா-தீ ஊரில் இல்லை. அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரத்துக்கு மியூசியம் என் பொறுப்பு. அன்றைக்கு எங்கள் வீட்டில் வரலட்சுமி நோன்பு. விடியற்காலையில் எழுந்து வீட்டிலிருந்த மணைகளையெல்லாம் தேய்த்துக் கழுவி, போன வருஷக் கோலத்தின் சுவடு தெரியாமல் துடைத்து, புதிதாக மாக்கோலம் போட்டு, செம்மண் கட்டி, கொழுக்கட்டை செய்து, பூஜையை முடித்து, ஈரத்தலையோடு ரயிலைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேரும்போது ஒரு மனிதர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஊர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார். எல்லோருக்கும் மாஸ்டர்மொஷாய். மடியில் பழைய புடவையில் சுற்றிய மணை.

"என் கல்யாணத்துக்கு எங்க தீதி போட்ட ஆல்பனா" என்றார். "அப்பா அம்மா போனதுக்கப்புறம் என்னை வளர்த்தது அவதான். கல்யாணமே பண்ணிக்கலை. போன மாசியிலே போயிட்டா. எங்க வீடு ஒழுகற வீடு. இங்கேன்னா பத்திரமா இருக்கும்."

நான் தலையை ஆட்டிக்கொண்டே ரசீது எழுதினேன்.

"அவளுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது, அதனால கையெழுத்தும் கிடையாது. இதுதான் மிச்சம். அட்டையில அவ பேரை மட்டும் போடுங்க. சரஜுபாலா."

"அதுக்கென்ன, கட்டாயம்" என்றேன். 'செய்தவர்' கட்டத்தில் ஒரு பெயர் எழுதப்போகிறோம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர் மணையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

புடவையைப் பிரித்தேன். தாமரை, சுற்றிக் கொடி, பக்கத்துக்கு ஒரு மீன். என்ன கை! ஒரு இடத்தில்கூட இழை திக்கவில்லை. ஆனால் இருபது வருஷ எண்ணெய்ப்புகையும் தூசியும் சேர்ந்து பிசுக்கென்று இருந்தது. ஐந்து நிமிஷம் ரசித்தேன். பிறகு டெலிபோன் அடித்தது. அலிப்பூரிலிருந்து ஏதோ விவரம் கேட்டார்கள். கழுத்தில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு பேசினேன். பேச்சு வளர்ந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. காலையிலிருந்து ஆறு மணை துடைத்த கை அது. பக்கத்தில் தண்ணீர்க் குவளை. மேஜை துடைக்கும் துணி. இத்தனைக்கும் கண் மணையின்மேல்தான் இருந்திருக்கிறது. ரிசீவரை வைக்கும்போது மணை பளிச்சென்று இருந்தது. பலாக்கட்டையின் மஞ்சள் நிறம்கூடத் தெரிந்தது.

தாமரை இல்லை. கொடி இல்லை. மீன் இல்லை. ஓர் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று, அவ்வளவுதான்.

பெருமாளே என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு கோலத்தைப் பார்த்தால் அதைத் துடைத்து வேறு போடவேண்டும் என்று எனக்கு மூன்று வயதிலிருந்து பழக்கம். நம் வீட்டில் நேற்றுக் கோலத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் அந்த அம்மாள் உயிரோடு இல்லை, திரும்ப வந்து போட்டுக்கொடுக்க. அந்த ஒரு நினைப்பில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போட்டோவாவது எடுத்தோமா என்றால், எங்களுக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் மாதம் ஒருமுறைதான் வருவார்.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. அழாமலே இருந்திருக்கலாம். கோலம் போடத் தெரியாதா எனக்கு? கண்ணுக்குள் அப்படியே நிற்கிறதே? ஆபீஸ் வாட்ச்மேனைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கடைக்கு ஓடி ஒரு கைப்பிடி அரிசி வாங்கினேன். குவளையில் ஊறவைத்தேன். அரைக்க வேண்டுமே! மூன்றாம் அறையில் காட்சிக்கு வைத்திருந்த அம்மியின் மேல் பாதியை ஒரு ஈரத்துணியால் போர்த்தி, குழவியின் பதிவு எண் மேலே இருக்குமாறு பிடித்துக்கொண்டு அரைத்தேன். ஒரு காட்சிப் பொருளைக் கெடுத்த குற்றத்தை மறைக்க இன்னொரு காட்சிப் பொருளில் மாவரைத்த அதிகாரி இந்த மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தாமரை அச்சாக வந்தது. கொடியும் வந்தது. புள்ளி வைக்காமல் எனக்குக் கை ஓடாது என்பதால் அளவுக்கு அங்கங்கே புள்ளி வைத்துக்கொண்டேன், அழிக்க மறந்துபோனேன். பிறகு மீனுக்கு வந்தேன்.

இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் இருக்கிறேன், மீன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. லேக் மார்க்கெட்டில் மீன் பக்கத்தைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிற ஜாதி நான். செதில் எந்தப் பக்கம் சாயும்? துடுப்பு எத்தனை, எங்கே முளைக்கும்? காலையில் பார்த்த மீன்தான். ஆனால் தாமரையைப் பார்த்த கண் மீனை நிஜமாகப் பார்க்கவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்ததைப் போட்டேன். கோலத்தில் மாங்காய் போடுவோமே, அந்த மாங்காய். அதற்கு ஒரு வால். வெறுமையாக இருக்கிறதே என்று, ஒரு கண். கண்ணுக்கு மேலே, அம்மன் முகத்துக்கு எழுதுகிற மாதிரி ஒரு புருவம்.

அம்மியைத் துடைக்கத் துணியை எடுத்தபோது பார்த்தேன். பெங்காலி அம்மிகளில் மேல்பக்கம் உளியால் ஒரு மீன் கொத்தியிருப்பார்கள். செதில், துடுப்பு, வால் என்று அம்சமான மீன். அதைத்தான் நான் துணியால் மூடி வைத்துக்கொண்டு அரைத்திருக்கிறேன். மணையில் மாவு அதற்குள் காய்ந்துவிட்டது. மறுபடி துடைக்க எனக்குத் தெம்பு இல்லை.

ரேபா-தீ திரும்பி வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார், கையை உலரவிட்டார், மணையைத் தாங்கி எடுத்தார்.

"ரொம்ப வெள்ளையா இருக்கே?"

"தூசி தட்டினேன்" என்றேன்.

நீளம், அகலம், பலாக்கட்டை, அரிசி மாவு. எழுதிக்கொண்டே வந்தேன். "செய்தவர்?" என்றார். என் பேனா நின்றது. சரஜுபாலா என்று எழுத எத்தனை நேரமாகும்? ஆனால் அந்த மாங்காய்க்கு அடியில் அந்த அம்மாளின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

"கொடுத்தவர் சொல்லலையா?"

"இல்லை" என்றேன். 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

ரேபா-தீ மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு வார்னிஷ் குப்பியை நகர்த்தி வைத்தார். அதற்குமேல் அவர் கேட்கவே இல்லை. தான் ரிட்டயர் ஆகும்வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் நிச்சயமில்லை.

மாஸ்டர்மொஷாய் முதல்முறை பார்க்க வந்தது பாய்ஃபோட்டாவுக்கு மறுநாள். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், அக்கா தங்கைகள் சகோதரன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைக்கிற பண்டிகை. அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை என்பதால் மறுநாள் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். குனிந்து அட்டையைப் படித்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று, பெயர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஏழெட்டு பதில் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தார், பொட்டில்லாத நெற்றியோடு. வருஷா வருஷம் நான் தூணுக்குப் பின்னால் போனேன். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாமல், அவருக்கு டீ மட்டும் தவறாமல் வாங்கிக் கொடுத்தேன்.

நடுவில் ஒரு ஆராய்ச்சியாளர் வந்தது தனிக்கூத்து. மணையைப் பார்த்து அசந்துபோனார். கொடியின் நடுவே புள்ளிகள் இந்த ஜில்லாவிலேயே இல்லாத வழக்கமாம். கடல் வழியாகத் தெற்கிலிருந்து வந்திருக்க வேண்டுமாம். மீனின் புருவத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினார். தெற்கிலிருந்து வந்தது என்பது வரைக்கும் அவர் சொன்னது சரிதான். கடல் வழியாக அல்ல, பாலிகஞ்சில் ஏறி லோக்கல் ரயிலில் வந்தது. நான் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழுதியதைப் படித்துத்தான் மௌ இப்போது அதை முதல் பக்கத்தில் போடப் போகிறாளாம்.

மௌ போனதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு இந்தக் கதையே அன்றைக்குத்தான் தெரியும்.

"முப்பது வருஷம் சொல்லாததை இப்போ போய்ச் சொல்லி என்னடி ஆகப்போறது? பேசாம ரெண்டு பத்தி எழுதிக் கொடுத்துட்டு வா."

"நன்னா இருக்கே! அந்த அம்மாளோட கைன்னு நெனச்சு உலகமே என் மாங்காயைப் பார்க்கணுமா?"

"உலகத்துக்கு வேற வேலை இல்லையாக்கும்" என்றார். ஆனால் மறுநாள் ஆட்டோ பிடித்துக் கொடுத்தது அவர்தான்.

மாஸ்டர்மொஷாய் நடக்கத் தள்ளாமல் போனபிறகு மகனோடு ஜாதவ்பூரில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரியும். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷத்தோடு அவர் வருவது நின்றுபோயிருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி. மாஷிமா என்று கூப்பிட்டேன், பெங்காலியில் சித்தி. உட்கார் என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். மாஸ்டர்மொஷாய் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார், எலும்பும் தோலுமாக. ஆட்டோவில் வரும்போது நான்கு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அந்த மணையில இருக்கறது உங்க தீதி போட்டது இல்லை. நான் ஈரத்துணியால துடைச்சுட்டேன். அப்புறம் நானே போட்டேன்" என்றேன். முப்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்தது இவ்வளவு சின்னதாகவா இருந்தது!

அவர் என்னைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்தேன். சிரிக்கிறார். சிரித்து இருமல் வந்துவிட்டது.

சமையலறையிலிருந்து குரல் கேட்டது. "என்ன, சொல்லிட்டாளா?"

நான் நின்றது நின்றபடி.

மாஷிமா டீயோடு வந்தார். "ஏம்மா, அந்த மீனை எந்த பெங்காலியாவது மீனுன்னு சொல்லுவானா? முதல் தடவை பார்த்துட்டு வந்து இவர் சாப்பிடவே இல்லை. 'தீதியோட மீனுக்கு யாரோ புருவம் வரைஞ்சு வெச்சிருக்கா'ன்னு குதிச்சார்." கட்டிலுக்கு அடியில் குனிந்து, புடவையில் சுற்றிய ஒன்றை இழுத்தார். "நாங்க இதை எடுத்து வெச்சுப் பார்த்தோம்."

இன்னொரு மணை. பொண்ணு மணை. கல்யாணத்துக்கு இரண்டு மணை போடுவார்கள் என்பது, நம் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டில் ஒன்றில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்ட எனக்கு முப்பது வருஷமாகத் தோன்றவில்லை! அதே தாமரை. அதே கொடி, புள்ளி இல்லாமல். இரண்டு பக்கமும் ஒல்லியாக, வளைந்து, இப்போதுதான் தண்ணீரை விட்டு வந்தாற்போல இரண்டு மீன்கள்.

"நான் உட்கார்ந்ததை நான் தரமாட்டேன்னு அப்போவே சொல்லிட்டேன்" என்றார் மாஷிமா.

"தெரிஞ்சும் ஏன் கேட்கலை?" என்றேன்.

மாஸ்டர்மொஷாய் இருமி முடித்தார். "அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கேட்கணும்னுதான் நெனச்சேன். கடுதாசிகூட எழுதிப் பையில வெச்சேன். அப்புறம் அட்டை ஞாபகம் வந்தது. 'செய்தவர் தெரியவில்லை'ன்னு இருந்தது. அந்த மீனுக்கு அடியில தீதி பேரைப் போட்டிருந்தா கண்ணாடியை உடைச்சிருப்பேன். நீ போடலை. சரி, இவளுக்கு மானம் இருக்கு, அடுத்த வருஷம் சொல்லிடுவான்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு வந்து பார்த்தேன். நீ டீதான் வாங்கிக் கொடுத்தே. கடைசியில ரிட்டயரே ஆயிட்டே."

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சின்னக் குழந்தை மாதிரி அழுதேன். மாஷிமா என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

கிளம்பும்போது மாஸ்டர்மொஷாய் மனைவியைப் பார்த்தார். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மணையைப் புடவையில் மறுபடி சுற்றி என் கையில் வைத்தார்.

"எங்களுக்கப்புறம் இதைக் கட்டிலுக்கு அடியில யார் பார்க்கப் போறா? கொண்டு போ. பேரைப் போடு."

"மாஷிமா, என்னை நம்பியா?"

"நம்பித்தான். துடைக்காதே, அவ்வளவுதான்."

அன்றே மௌவிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. முதல் பக்கம் போயிற்றே! ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் போன் செய்து, "பதிவேட்டுல திருத்தம் நீங்களே வந்து எழுதணும்" என்றாள். போனேன். கடிகாரத்தைக் கழற்றினேன், கையை உலரவிட்டேன். புது மணைக்கு 'செய்தவர்' கட்டத்தில் சரஜுபாலா என்று எழுதினேன். பழைய மணைக்கு 'தெரியவில்லை' என்பதை ஒரு கோடால் அடித்து, என் பெயரை எழுதினேன். அத்தனை அருமையான கைகளுக்கெல்லாம் 'தெரியவில்லை' என்று எழுதிய அந்தப் பதிவேட்டில், பெயர் தெரிந்த மிகச் சிலரில் ஒருத்தி நான், அதுவும் அந்த மீனுக்காக! ரேபா-தீ இருந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருக்கமாட்டார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இந்த வருஷம் பாய்ஃபோட்டாவுக்கு மறுநாள் மாஸ்டர்மொஷாயையும் மாஷிமாவையும் மகன் காரில் அழைத்து வந்தார். இரண்டு மணையும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து. என்னுடையதைப் பார்த்து மாஷிமா ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர்மொஷாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியை இன்னும் கிட்டே தள்ளச் சொன்னார். அட்டையைச் சத்தமாகப் படித்தார். "சரஜுபாலா." இன்னொரு தடவை படித்தார். பிறகு குனிந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, பொட்டு வைத்து முடிக்கும்வரை காத்திருக்கிற மாதிரி, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

நான் இந்தத் தடவை தூணுக்குப் பின்னால் போகவில்லை.

அவர்கள் போனபிறகு பார்த்தால், கண்ணாடியில் அவர் நெற்றி பட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. என் கை தானாக முந்தானைக்குப் போயிற்று. மௌ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். துடைக்கவில்லை.